ஒரு தராசும் எழுபத்தொரு மைலும்

இல்லை, எனக்குக் குத்துச்சண்டை பிடிக்காது. ஒரு சண்டையைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. போனது ரஞ்சி அக்கா கூப்பிட்டதால். நான்கு நாள் விடுமுறை, போக வேறு இடமும் இல்லை.

1998 நவம்பர், தேங்க்ஸ்கிவிங் வாரம். நான் ஜெர்சி சிட்டி ஜர்னல் ஸ்கொயரில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. ரஞ்சி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், நர்ஸ். முன்பு அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருந்தவர். பிறகு தெற்கே ஒரு கடற்கரை ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். புதன் மாலை ஆறு மணிக்கு போன்.

"பிள்ளை, உம்மட கார் ஓடுதோ?"

"ஓடுதுக்கா. ஏன்?"

"இஞ்ச ஒரு மனுசன் மூண்டு நாளா ஒண்டும் வாயில வைக்கேல்ல. தண்ணி குடுத்தா கொப்பளிச்சுத் துப்புறார். சேலைன் ஏத்தினா பாதியில இழுத்துப் போடுறார். நாளைக்கு நிறுவை இருக்காம்."

"என்ன நிறுவை?"

"பொக்ஸிங் நிறுவை. ஆள் ஒருகாலத்தில சாம்பியன். உலக சாம்பியன், தெரியுமே?"

அவர் பெயரை எழுதப் போவதில்லை. வேண்டாமென்று அவர் மகள் கேட்டுக்கொண்டார். அங்கே எல்லோரும் அவரைச் சாம்பியன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதுகளில் மிடில்வெயிட் சாம்பியன். தெரியாதவர்களுக்கு: மிடில்வெயிட் என்றால் 160 பவுண்டு, ஏறத்தாழ 72.5 கிலோ. சண்டையன்று மதியம் தராசில் ஏற வேண்டும். ஓர் அவுன்ஸ் கூடினாலும் பட்டத்துக்காகச் சண்டை போட முடியாது. இப்போது அவருக்கு மறதி நோய். எந்த ஆண்டு என்பது போய்விட்டது. மனைவி இறந்தது போய்விட்டது. தராசு மட்டும் போகவில்லை.

"திங்கக்கிழமை மகள் டெக்சஸில இருந்து வாறா," என்றார் அக்கா. "கையெழுத்து வைச்சா வயித்தில ட்யூப் போடுவினம். இவர் இழுப்பார். இழுக்காம இருக்கக் கையில பஞ்சு வைச்ச உறை போடுவினம். யோசிச்சுப் பாரும். அந்த மனுசன்ர கையில."

யோசித்தேன். குத்துச்சண்டைக் கிளவுஸ் என்றுதான் நினைப்பார்.

"அவர் பழகின ஜிம் உங்கட பக்கத்திலதானாம். பழைய ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு ஒருக்காப் பாரும். நாங்கள் சொன்னா மனுசன் நம்புறாரில்ல."

வெள்ளி காலை ஒன்பது மணி. ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்திலிருந்து ஜிம் பன்னிரண்டு நிமிட நடை. மெத்தைக் கடை ஒன்றின் மாடி. பெயர்ப் பலகை கிடையாது. படி ஏறினால் ரப்பர் வாசனை. சண்டை போடும் ரிங் இல்லாத ஜிம். அதை எப்போதோ விற்றுவிட்டார்கள். குத்திப் பழகும் மூட்டைகள் இரண்டு மட்டும் சங்கிலியில் தொங்கின. பீட் என்ற கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் இங்கே மணி அடிப்பவர், தரை துடைப்பவர், எல்லாம். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுத முடிகிறது.

"சண்டை போட வந்தியா? ஃபிளைவெயிட்டுக்குக்கூடப் பத்தமாட்டியே கிட்."

எடைப் பிரிவுகளில் ஆக லேசானது அது. விஷயத்தைச் சொன்னேன். வானொலியை அணைத்தார்.

ஒரு சுவர் முழுக்கச் செய்தித்தாள் துண்டுகள். அதில்தான் அந்த வாழ்க்கை இருந்தது. துறைமுகத்தில் மூட்டை இறக்கியவரின் மகன். பதினெட்டு வயதில் முதல் சண்டை. மொத்தம் தொண்ணூற்றொன்று. பட்டம் கையில் இருந்தது பத்தொன்பது மாதம். புகைப்படங்களில் எதிலும் சிரிக்கவில்லை. கன்னம் உள்ளே போய், உதடு வெடித்து. பசி, என்றார் பீட். அவர் உடம்பின் இயல்பான எடை 175. ஒவ்வொரு சண்டைக்கும் பதினைந்து பவுண்டைக் கழற்ற வேண்டும். ரப்பர் சட்டை போட்டு பாய்லர் அறையில் ஓடுவார். சூயிங்கம் மென்று, ஊறும் எச்சிலை டப்பாவில் துப்புவார். கடைசி நாள் தண்ணீரும் கிடையாது, கொப்பளித்துத் துப்பலாம்.

கடைசித் துண்டு தனியாக ஒட்டியிருந்தது. பட்டத்தை இழந்த நாள். மதியம் ஏறியபோது 160 பவுண்டுக்கு மேல் அரை பவுண்டு. இரண்டு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். ஓடினார். தலையை மொட்டையடித்துக்கொண்டார். மறுபடி ஏறினார். 160. அன்றைய சண்டையில் பதினோராவது சுற்றில், அடி எதுவும் படாமல், முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

"அந்த அரை பவுண்டு இறங்கவே இல்லை கிட்," என்றார் பீட். "மார்ட்டிதான் அவனோட டிரெய்னர். செத்துப் பல வருஷம் ஆச்சு. உடுப்பில்லாமல் ஏறினவனை மறைக்கத் துண்டைப் பிடிக்கிற மாதிரிப் பின்னால் நின்று, முதுகில் ஒரு விரல் கொடுத்துத் தூக்கிவிட்டான். நான் பார்த்தேன். அவ்வளவு ஓடியது வீண். அவனுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை."

நீங்கள் வந்து அவரிடம் பேச முடியுமா என்று கேட்டேன்.

"வாயை அவன் நம்பமாட்டான். இரும்பைத்தான் நம்புவான்." மூலையைக் காட்டினார். துணி போர்த்திய பழைய மேடைத் தராசு. "இதைக் கொண்டு போ. அதன் பிறகு ஓர் ஆரஞ்சு. நாலாக வெட்டி. மார்ட்டி எப்போதும் அதுதான் கொடுப்பான்."

தராசில் தூணும் கோலும் ஒரு பகுதி, மேடை இன்னொரு பகுதி. நான்கு போல்ட். மெத்தைக் கடை ஆட்கள் இருவர் சிரித்துக்கொண்டே இறக்கிக் கொடுத்தார்கள். என் கார் பத்து வருடப் பழைய கொரோலா. மேடை டிக்கியில், மூடாமல், துணிக்கயிற்றால் கட்டி. தூண் பின் கண்ணாடியிலிருந்து என் தோள் வரை. புறப்பட்டபோது 11.10.

கார்டன் ஸ்டேட் பார்க்வே, தெற்கே. ஒவ்வொரு டோலிலும் 35 சென்ட். கூடையில் சில்லறையை எறிய வேண்டும். பெட்ரோல் ஒரு கேலன் 99 சென்ட். வழக்கமாக உட்பிரிட்ஜில் மேற்கே திரும்பி பிஸ்கட்டவேயில் தோழி வீட்டில் இட்லி சாப்பிடுவேன். அன்று நேராகப் போனேன். ராரிடன் பாலத்தில் காற்று. பாலம் தாண்டி வெகு தூரம் போனதும் காடு, பைன் மரங்கள், வீடே இல்லை. ஒவ்வொரு குழியிலும் தராசின் கோல் டொக்கென்று அடித்தது. பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பது போல.

1.05க்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் ஆரஞ்சு, நான்கு ஒரு டாலர்.

"அடப்பாவி, இதைக் காவிக்கொண்டே வந்தனீர்?" அக்கா தராசைச் சுற்றி வந்தார். "என்னை மட்டும் இதில ஏறச் சொல்லாதையும்."

சாம்பியன் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். உயரமான மனிதர், ஆனால் போர்வைக்குக் கீழே ஆள் இருப்பதே தெரியவில்லை. மூக்கு ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. தராசைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்.

கோலில் நகரும் குண்டை 160இல் வைத்தோம். ஏறினார். கோல் கீழே விழுந்து அங்கேயே கிடந்தது. 'பாஸ்' என்று அக்கா கத்தினார். சாம்பியன் கோலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உடைந்த தராசு. வேறு கொண்டு வா." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

எங்கள் தவறு அப்போதுதான் புரிந்தது. கோல் மேலே முட்டினால் எடை கூடுதல். கீழே கிடந்தால் குறைவு. நடுவில் மிதந்தால் சரியாக அவ்வளவு. வாழ்நாள் முழுக்க அவருக்கு அது மிதந்திருக்கிறது, அல்லது மேலே முட்டியிருக்கிறது. கீழே கிடந்து பார்த்ததே இல்லை. அவர் உண்மை எடை 118.

அக்கா வீட்டில் தங்கினேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். இருவரும் அதிகம் சாப்பிடவில்லை.

"திங்கள் வர ரெண்டு நாள்தான் கிடக்கு," என்றார். "எத்தனையோ பேருக்கு ட்யூப் போட்டிருக்கிறன். இவருக்கு மட்டும் ஏன் இப்பிடிக் கிடக்கு எண்டு தெரியேல்ல."

மார்ட்டியின் விரலைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. அக்காவும் என்னையே பார்த்தார்.

"தூக்கிறதுக்குப் பதிலா..."

"அமுக்கணும்."

சனி காலை பதினொரு மணி. தராசைச் சுவரோரமாக வைத்தோம். நான் ஷூவைக் கழற்றிவிட்டுப் பின்னால் நின்று, அவருக்குக் குறுக்கே துண்டைப் பிடித்தேன். 42 பவுண்டு என் காலால் கொடுக்க வேண்டும். அக்கா முன்னால் நின்றார். தொடக் கூடாது, தொட்டால் கையைத் தட்டிவிடுவார். இரண்டு கைகளையும் அவர் இடுப்பைச் சுற்றி, படாமல் விரித்து வைத்திருந்தார்.

ஏறினார். வலது காலை மேடையின் ஓரத்தில் வைத்து அழுத்தினேன். கோல் அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். எழுந்து மேலே முட்டியது. அவர் தோள்கள் இறுகின. கொஞ்சம் விட்டேன். கோல் இறங்கி, நடுங்கி, நின்றது. மிதந்தது. என் கால் நடுங்கியதால் அதுவும் நடுங்கியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நானும்.

"வன் சிக்ஸ்டி!" என்றார் அக்கா, யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில், வீதிக்குக் கேட்கும்படி.

"மறுபடி சொல்."

"வன் சிக்ஸ்டி!"

மூச்சு வெளியே வந்தது. இறங்கினார். இறங்கும்போது குனிந்து என் காலைப் பார்த்தார். மேடையில் இன்னும் இருந்தது. எடுக்க மறந்துவிட்டேன்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும், மெல்ல: "மார்ட்டி சொன்னானா?"

"ஆமாம்."

"எவ்வளவு கூடுதல் இருந்தேன்?"

"அரை பவுண்டு."

தலையாட்டினார். கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினார். ஆரஞ்சின் முதல் கால்பங்கைக் கொடுத்தேன். தோலோடு வாயில் வைத்து உறிஞ்சினார். இரண்டாவது. மூன்றாவது. பிறகு தண்ணீர், முதல் வாயைக் கொப்பளித்துத் துப்பினார், பழக்கம். இரண்டாவது வாயை விழுங்கினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு திரைச்சீலையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை அவருக்கு எதுவும் நினைவில்லை. மறுபடி நிறுவை. அக்காவுக்குக் காலை எப்படி வைப்பதென்று காட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். திங்களன்று மகள் வந்து, தகப்பன் சூப் குடிப்பதைப் பார்த்துவிட்டு, கையெழுத்து வைக்காமல் போனார். அதன்பின் தினமும் பதினொரு மணிக்கு நிறுவை, ஓர் ஆரஞ்சு. முதல் சனியிலிருந்து எண்ணினால் பத்தொன்பது நாள். "என்ர முழங்கால் போச்சுது பிள்ளை," என்பார் அக்கா போனில். இருபதாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி. அவர் தராசைக் கேட்கவில்லை. அன்று மதியம் இறந்தார். கையில் உறை இல்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பார்க்வேக்கு 25 சென்ட் குவார்ட்டரும் 10 சென்ட் டைமும் தனியாக எடுத்து வையுங்கள். நியூ ஜெர்சியில் பெட்ரோலை நீங்களே போடக் கூடாது. ஆள் வருவார், காத்திருங்கள். நவம்பரில் கடற்கரைக் கடைகள் முக்கால்வாசி மூடியிருக்கும். மோட்டல் மட்டும் மலிவு. மரநடைபாதையில் காற்று காதைக் கிழிக்கும், குல்லாய் தேவை. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கடல் சாம்பல் நிறம்.

பார்க்வேயில் திரும்பி வந்தபோதும், அதன் பிறகும், ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த விரலை அவர் முதுகில் உணர்ந்திருக்கிறார். எடை இறங்கவில்லை என்று தெரிந்தே, வற்றிய உடம்போடு, பதினோரு சுற்றுப் போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. மார்ட்டியிடமும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை போய்த் தராசை எடுத்துவந்தேன். அதே 71 மைல். மெத்தைக் கடை ஆட்கள் மாடியேற்றினார்கள். பீட் அதன் மேல் துணியைப் போர்த்தினார். கோணலாக இருந்தது, எடுத்து மறுபடி போர்த்தினார்.

"கடைசிவரை அவனுக்குத் தெரியாதுதானே கிட்? மார்ட்டியோட விரல்?"

"தெரியாது," என்றேன்.

நல்லது, என்றார். வானொலியைப் போட்டார். நான் வீட்டுக்கு நடந்து போய், அரிசி கழுவி அடுப்பில் வைத்தேன்.