ரசமட்டத்தின் பத்து விரல்

ரசமட்டம் என்று எல்லோரும் அழைக்கிற மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். தரைக்கு டைல்ஸ் பதிப்பது அவர் தொழில்; தரை சரிந்திருக்கிறதா என்று மட்டம் பார்க்கும் கருவியின் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பார். துக்கம் கேட்கப் போன வீட்டில் அவர் கண் கலங்கியதாக ஒரு பேச்சு உண்டு. செத்தவருக்காக அல்ல, மூலையில் ஒரு கல் தூக்கிக்கொண்டு நின்றதற்காக.

அவர் மனைவி நர்ஸ். ராத்திரி டியூட்டி. நர்ஸம்மா வீடு திரும்பும்போதுதான் ரசமட்டம் வேலைக்குக் கிளம்புவார். இருவரும் கல்யாணமான நாளிலிருந்து வாசற்படியில்தான் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது அக்கம்பக்கத்தின் தீர்ப்பு. ஒருவர் செருப்பைக் கழற்றுவதற்கும் இன்னொருவர் மாட்டுவதற்கும் நடுவில் கேஸ் தீர்ந்தது, குழாய் ஒழுகுவது, மனத்தாங்கல், சமாதானம் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட வேண்டும். சண்டையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைப்பார்கள். ஞாயிறு வந்ததும் இருவரும் தூங்கிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கடல் கடந்து ஒரு வேலை வந்தது. நர்ஸம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. கூடவே கணவருக்கும் விசா. டைல்ஸ் வேலைக்கும் அங்கே ஆள் தேவையாம், அதுவும் பகலில்தானாம்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாப்பிடலாங்க" என்றார் நர்ஸம்மா, ஏதோ ரகசியம் சொல்வது போல.

நடுவில் இரண்டு படிகள் இருந்தன. ஒன்று மருத்துவப் பரிசோதனை. இன்னொன்று முகத்தைப் படம் பிடித்து, பத்து விரல் ரேகையையும் மெஷினில் பதிவது. நர்ஸம்மா தன் கணவரின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரேகை எங்கங்க?"

"இருந்துச்சு."

"எங்க போச்சு?"

"ஊர்ல இருக்கிற பாத்ரூம்ல எல்லாம் இருக்கு."

உண்மைதான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெள்ளை சிமென்ட் பூசியதும் மற்றவர்கள் ஸ்பாஞ்சால் துடைப்பார்கள். ரசமட்டம் வெறும் விரலால் வழிப்பார். ஸ்பாஞ்சுக்குக் கண் இல்லை, விரலுக்கு உண்டு என்பது அவர் கட்சி. அந்தக் கண்ணைத்தான் சிமென்ட் இத்தனை காலமாகத் தின்றுகொண்டிருந்தது. விரல் வைத்தால் திறக்கும் போன் ஒன்றை ஆசையாக வாங்கினார். அது யார் விரலைக் காட்டினாலும் ஏற்றுக்கொண்டது, அவர் விரலை மட்டும் ஏற்கவில்லை.

அன்றே சட்டம் அமலுக்கு வந்தது. சிமென்ட்டைத் தொடக்கூடாது. மணலைத் தொடக்கூடாது. பாத்திரம் தேய்ப்பதும் தடை. இதை மட்டும் அவர் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார். வேளாவேளைக்கு விரல்களுக்குக் கிரீம். படுக்கும்போது பருத்திக் கையுறை. தோல் தானே வளரும், ரேகை திரும்பி வரும் என்று நர்ஸம்மா உறுதியாகச் சொன்னார். கைதி போல ரசமட்டம் வீட்டில் உட்கார்ந்து சொந்தத் தரையின் குறைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருடைய அண்ணன் வந்தார். காண்ட்ராக்டர், தம்பிதான் அவருடைய மூலதனம்.

"பொண்டாட்டி பேப்பர்ல வாலா ஒட்டிக்கிட்டுப் போறியாடா?"

"ஆமாண்ணே. வாலுக்கும் டிக்கெட் தர்றாங்க."

"மானம் போகுதுடா."

"அதுக்கு லக்கேஜ்ல இடமில்லண்ணே."

அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு பெரிய ஹால் பாதியில் நிற்கிறது, புதுப் பையன்கள் கெடுத்துவிடுவார்கள், வந்து பார்த்தால் மட்டும் போதும், கையை வெளியே எடுக்கவே வேண்டாம் என்று தேன் ஒழுகப் பேசினார். ரசமட்டம் போனார். இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, தாடையாலேயே வேலை வாங்கினார். "அந்தக் கல்லு... இல்ல, அதுக்குப் பக்கத்துல" என்று தாடை சுற்றிச் சுழன்றதில் கழுத்துதான் வலித்தது. சாயங்காலம் வரை கை வெளியே வரவில்லை.

பிறகு வெள்ளை சிமென்ட் பூச ஆரம்பித்தார்கள். ஸ்பாஞ்சை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஜாயின்ட் எல்லாம் பள்ளமும் மேடுமாக இறுகத் தொடங்கியது. குழந்தை கிணற்றோரம் தவழ்வதைப் பார்த்தவர் போல ரசமட்டம் பதறினார். ஆனாலும் கட்டுப்பாடான மனிதர். ஆட்காட்டி விரல் முக்கியம், கட்டைவிரல் அதைவிட முக்கியம் என்று மனசுக்குள் ஒரு நீதிமன்றம் கூட்டி, கடைசியில் வலது கை சுண்டுவிரலைப் பலி கொடுக்கலாம் என்று முடிவுசெய்தார். அதைக் கொண்டே ஹால் முழுவதையும் வழித்து முடித்தார்.

மறுநாள் காலை வாசற்படியில் சோதனை நடந்தது. ஒன்பது விரல் பிழைத்தது. பத்தாவதில் நர்ஸம்மாவின் கண் நின்றது. நுனி மழமழவென்று, சிவந்து, தோல் உரிந்து கிடந்தது.

"இது என்ன?"

"சுண்டுவிரல்."

"அது எனக்குத் தெரியுது."

"அதை யாரு கேக்கப் போறா?"

"பத்துன்னு போட்டிருக்கு."

ரசமட்டம் தரையைப் பார்த்தார். நர்ஸம்மா சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று மெல்லச் சொன்னார்: "வேலையில சேரத் தேதி குடுத்துட்டாங்க. உங்க ரேகை விழலைன்னா உங்க ஃபைல் நிக்கும், என்னோடது நிக்காது. நான் தனியாப் போகமாட்டேன்னு நினைக்காதீங்க. போயிடுவேன். அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு அண்ணனின் போனை அவர் எடுக்கவில்லை. சுண்டுவிரலுக்குத் தனிக் கவனிப்பு நடந்தது. வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்திருந்தால்கூட இத்தனை செல்லம் கிடைத்திருக்காது.

மருத்துவப் பரிசோதனையை அவர் ஊதித் தள்ளினார். கண் பார்த்த டாக்டரிடம், எழுத்துப் பலகை இடது பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது என்று தகவல் தந்தார். எக்ஸ்ரே அறையில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். விடச் சொல்ல மறந்து டெக்னீஷியன் போனில் பேசப் போனார். திரும்பி வந்தபோது ரசமட்டம் முகம் கருத்து, அப்படியே நின்றிருந்தார். சிறுநீர்க் குப்பியைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை ஏறாமல் இறங்காமல் நிரப்பி, மேஜையில் வைத்துக் குனிந்து மட்டம் பார்த்தார்.

"இவ்வளவு கரெக்டா வேணாம் சார்" என்றாள் ஆய்வகப் பெண்.

"எனக்கு வேணும்மா" என்றார் அவர்.

எல்லாம் நலம் என்று வந்தது. நுரையீரல் சுத்தம் என்றதும் நர்ஸம்மா கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டார். கல் அறுக்கும் தூசியை நினைத்து அவர் எத்தனை பகல் தூங்காமல் படுத்திருந்தார் என்பது ரசமட்டத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரேகை பதியும் அலுவலகத்தில் துணைக்கு வந்தவர்களுக்கு அனுமதி இல்லை. தன் பதிவை முன்பே முடித்திருந்த நர்ஸம்மா வெளியே நடைபாதையில் நின்றுவிட்டார். உள்ளே குளிர், நம்பர் கூப்பிடும் குரல், கண்ணாடித் தட்டு பதித்த ஒரு சின்னப் பெட்டி. அதன் முன்னால் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளம்பெண்.

"கையில என்ன சார் இவ்வளவு பிசுபிசுப்பு?"

"கிரீம்."

"யாரு போடச் சொன்னா?"

"வீட்ல."

அந்தப் பெண் டிஷ்யூவை எடுத்து நீட்டினாள். இடது கை நான்கு விரலும் ஒன்றாகப் பதிந்தன. இரண்டு கட்டைவிரலும் பதிந்தன. வலது கையை வைத்தார். திரையில் மூன்று பச்சை, ஒரு சிவப்பு. சுண்டுவிரல். மறுபடி வைத்தார். அதே சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். இப்போது பக்கத்து மோதிரவிரலும் அனுதாபத்தில் சிவப்பாகிவிட்டது.

"அழுத்தாதீங்க சார்."

"அழுத்தல."

"மெஷினே கீழ இறங்குது சார். இன்னும் ஒரு தடவை பாக்கலாம். வரலைன்னா வேற நாள் வாங்கிட்டு வரணும்."

"வேற நாள் எப்பம்மா கிடைக்கும்?"

அவள் பார்த்துச் சொன்ன தேதிக்குள் நர்ஸம்மா அங்கே வேலையில் சேர்ந்து, முதல் சம்பளமும் வாங்கியிருப்பார்.

ரசமட்டம் தன் கையைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அந்தக் கை எதையும் அழுத்தித்தான் வைத்திருக்கிறது. கல்லைச் சாந்தில் வைத்து உள்ளங்கையால் அமுக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கிற கை. மெல்ல வை என்றால் அதற்குப் புரியாது. கண்ணை மூடினார். இது இப்போதுதான் பதித்த கல், அடியில் சாந்து இன்னும் பச்சையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பச்சைத் தரையில் கல்லுக்குக் கல் ஏற்ற இறக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும்போது யாரும் அழுத்தமாட்டார்கள். அழுத்தினால் கல் நகர்ந்துவிடும். விரல் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும்.

அப்படி வைத்தார்.

பச்சை. பச்சை. பச்சை. சுண்டுவிரல் கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் அதுவும் பச்சை.

"சூப்பரா விழுந்திருக்கு சார்" என்றாள் அந்தப் பெண், திரையை அவர் பக்கம் திருப்பி. பெரிதாக, கறுப்பாக, வரி வரியாக அவருடைய ரேகைகள் நின்றன. ரசமட்டம் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்தவர் செய்த வேலையைப் பார்வையிடுவது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஜாயின்ட் எல்லாம் ஒரே அளவா இருக்கும்மா. நல்ல வேலை" என்றார்.

வெளியே வந்தபோது நடைபாதையில் நர்ஸம்மா அவர் முகத்தையே பார்த்தார். ரசமட்டம் நெஞ்சை நிமிர்த்தி, தேர்தலில் ஜெயித்த வேட்பாளர் போல இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்டினார். தெருவில் போனவர்கள் சிலர் மரியாதைக்குப் பதிலுக்குக் கை தூக்கிவிட்டுப் போனார்கள்.

விசா வந்த அன்று இருவரும் டிக்கெட் போடும் அலுவலகத்துக்குச் சேர்ந்தே போனார்கள். அங்கே இருந்தவர் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் யாருக்கு, நடைவழிப் பக்கம் யாருக்கு என்று கேட்டார்.

"எது வேணா குடுங்க" என்றார் நர்ஸம்மா. "பக்கத்துப் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான். சாப்பாடு ஒரே நேரத்துலதானே தருவாங்க?"

"எல்லாருக்கும் ஒரே நேரந்தான் மேடம்" என்றார் அவர்.