எங்கள் சபையின் முதல் மூப்பர் தேர்தல்

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கரும்புக் கொல்லையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் சபை தொடங்கியது. பன்னிரண்டு குடும்பம். பிரஸ்பிட்டேரியன் என்ற பெயர் வாயில் நுழையவே எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. அந்தச் சபையில் போதகர் தனியாக எதையும் முடிவு செய்யக் கூடாதாம். ஜனங்களே ஓட்டுப் போட்டு மூப்பர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்கள் போதகரோடு சேர்ந்து சபையை நடத்துவார்கள். சென்னையிலிருந்து வந்த எங்கள் போதகர் இதை மூன்று ஞாயிறு விளக்கினார். யாரும் ஓட்டுக் கேட்டுப் போகக் கூடாது என்றும் சொன்னார்.

போனது என் அப்பா ஒருவர்தான். தனக்குப் போட வேண்டாம் என்று கேட்கப் போனார்.

காரணம் எனக்குத் தெரியும். மூப்பரானால், இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து நடத்தும் திருவிருந்து அன்று திராட்சரசத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்பா ஒரு காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து லாரி டியூபில் சாராயம் இறக்கி விற்றவர். அதைக் குடித்துச் செத்த ஒருவருடைய மனைவி எங்கள் சபையில் இரண்டாவது வரிசையில் உட்காருவார். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த அம்மா முன்னால் தட்டை நீட்டுவதை நினைத்தே அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"என் பேர மட்டும் எழுதிடாதீங்க. நான் அதுக்கு லாயக்கு இல்லீங்க" என்று வீடு வீடாகச் சொன்னார்.

வார்டு மெம்பர் தேர்தல் பார்த்துப் பழகிய ஜனம். ஓட்டு வேண்டாம் என்று வாசலுக்கு வந்து சொன்ன மனிதரை அவர்கள் கண்டதில்லை. "வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே வூடு வூடா வராரு, பாவம், ரொம்ப ஆசை போல" என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார். சீட்டை எண்ணியபோது அப்பாவுக்குத்தான் ஜாஸ்தி. எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. விலகிக்கொள்கிறேன் என்றார். சபை கூப்பிட்டால் ஆண்டவர் கூப்பிட்ட மாதிரி என்று போதகர் விடவில்லை. என் அம்மாவோ, "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சித்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல் திருவிருந்து வந்தது. எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகே மூப்பர் குடிக்க வேண்டும் என்பது போதகர் கற்றுக்கொடுத்த ஒழுங்கு. அப்பா இரண்டாவது வரிசைக்கு வந்து, சின்னக் கிளாஸ்கள் அடுக்கிய தட்டை நீட்டினார். அந்த அம்மா மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மொதல்ல நீ குடி" என்றார். "அன்னிக்கு நீ குடிக்கல."

உண்மைதான். அப்பா விற்றாரே தவிர ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வந்தது, அது அடங்கியதும் வெட்கமாக இருந்தது. அப்பா போதகரைத் திரும்பிப் பார்க்காமல் ஒரு கிளாஸை எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகு அந்த அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டார்.

இப்போதும் எங்கள் சபையில் மூப்பர்கள் முதலில் குடித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். வெளியூர்ச் சபைக்காரர்கள் இது முறையில்லை என்கிறார்கள், போதகரும் இரண்டு முறை மாற்றிப் பார்த்தார். அப்பா குடித்து முடிக்கும் வரை அந்த அம்மா இன்றும் கையை நீட்டுவதில்லை.