சலோமி மாட்டிய பெட்டி

“முப்பதாம் நாள் பூசைகூட ஆவல. புருசன கொன்ன பெட்டியவே மடியில வச்சிருக்கா” என்றாள் அமுதம், தெருக்குழாயடியில். நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

“பெட்டி கொன்னுச்சா, அவ கொன்னாளா? எதுனா ஒண்ணு சொல்லுடி.”

“எனக்கென்ன தெரியும் பெரியம்மா, ஊரு பேசுது.”

“ஊருக்கு வாய் உன் வீட்டுலதான் இருக்கா?”

என் மகன் ரொனால்டின் படகில் அந்தப் பெட்டியை மாட்டியது என் மருமகள் சலோமிதான். நான் மறைக்கவில்லை. தலத்தெருவில் ரிப்பேர் கடையில் பத்து வருடமாக வேலை பார்ப்பவள். பாட்டரியின் இருபத்திநாலு வோல்ட்டைப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி அது. வழி காட்டும் ஜி.பி.எஸ்., பேசுகிற ஒயர்லெஸ் இரண்டும் அதில்தான் ஓடின. இடம் மிச்சம் என்று எல்லாரும் இரண்டுக்கும் ஒரே பெட்டியைத்தான் மாட்டுகிறார்கள்.

அன்று விடியும்போது எதிரே எதுவும் தெரியாத மழை. முகத்துவாரத்தில் வைத்து ரொனால்ட் கரைக்குச் சொல்ல ஒயர்லெஸ் பட்டனை அழுத்தினான். ஜி.பி.எஸ். திரை அணைந்தது. மறுபடி எரிவதற்குள் படகு கல்லில் மோதிவிட்டது. நீந்தி வந்தவர்கள் சொன்னது இது.

என் இளையவன் பிராங்க்ளின் போகும் படகிலும் அவள் மாட்டிய அதே பெட்டிதான். ரொனால்ட் செத்த இருபத்தெட்டாம் நாள் அந்தப் படகு கடலுக்குப் போக வேண்டும்.

அடக்கம் முடிந்த மறுநாளே சலோமி அதே மாதிரிப் பெட்டியோடு சமையல்கட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. நானும் அழவில்லை. சோறு வடித்தேன், தின்றாள். ஒயர்லெஸ்ஸுக்குப் பதில் கார் லைட் ஒன்றை மாட்டிப் போட்டுப் போட்டு அணைத்தாள். போடும்போதெல்லாம் பக்கத்தில் மாட்டியிருந்த ஜி.பி.எஸ். திரை செத்துப் பிழைத்தது.

“ஏன்டி இப்புடி?”

“திடீர்னு பாரம் ஏறுது அத்த. பெட்டி சுதாரிக்கறதுக்குள்ள வோல்ட் எட்டுக்கு எறங்கிடுது.”

“சீக்கிரம் சுதாரிக்க வையேன்.”

“ரொம்ப அவசரப்படுத்தினா ஆடுது.”

ஆடத்தான் செய்தது. ஒரு நாள் பெட்டி கொசு மாதிரிக் கத்தி, லைட் நடுங்கியது. பெட்டிக்குள் இருந்த அரிசி அளவு சாமான்களைக் கழற்றி, வேறு வைத்துச் சாலிடர் அயர்னால் ஈயம் உருக்கி ஒட்டினாள். கடைக்கார நூருல் அமீன் பாய், வோல்ட்டைக் கோடாகக் காட்டும் மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்தார். லைட்டைப் போட்டதும் கோட்டில் ஒரு பள்ளம் விழும். நாளாக நாளாக அது சிறுத்தது. இருபத்தாறாம் நாள் நகக்கீறல் அளவுதான். நானே நூறு தடவை லைட்டைப் போட்டேன். திரை அணையவில்லை.

“சரி” என்றாள். அவ்வளவுதான்.

இருபத்தெட்டாம் நாள் பிராங்க்ளின் வந்தான்.

“குடுங்க அண்ணி, நானே மாட்டிக்கறேன். பூசைக்கு முன்னாடி நீங்க வாசப்படி தாண்டக்கூடாதும்பாங்க.”

“ஒயர மாத்திக் குடுத்துடுவீங்க தம்பி. ஒருக்கா மாட்டிட்டு, பட்டன அமுக்கிப் பாக்கணும்.”

அவன் என்னைப் பார்த்தான்.

“சாலிடர் அயர்ன் எடுத்துக்கிட்டியா?” என்று அவளிடம் கேட்டேன்.

தலையாட்டினாள். கறுப்புச் சேலைத் தலைப்பில் பெட்டியைப் பொத்திக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டி, தெருவில் இறங்கி நடந்தாள்.