வாக்கிங் ஃபுட் மாட்டத் தெரியாத மெசின்காரி

சிவப்பு வெல்வெட்டுக்கு ஒரு வாசம் உண்டு. புதுத்துணி வாசமும் லேசான மண்ணெண்ணெய் வாசமும் கலந்த மாதிரி... தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் அறைக் காம்பராவில் அந்த வாசம் நாலைந்து நாள் சுற்றிக்கொண்டே இருந்தது. இப்போதும் வெல்வெட்டைப் பிரித்தால் எனக்கு முகம் சூடாகிவிடும்.

கட்டுநாயக்காவில் கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு, தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்த புதிது. ஒரு தையல் மெசின் வாங்கிப் போட்டிருந்தேன். கொழுந்து பறிக்கப் போக மாட்டேன், தைத்தே பிழைத்துக்கொள்வேன் என்று அம்மாவிடம் ஒரே சண்டை.

"திருவிழா வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள தையல் ஓடலன்னா, கூடைய மாட்டிக்கிட்டு என் கூட மலைக்கு வந்துரணும்" என்று அம்மா கெடு வைத்துவிட்டார்.

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருக்கு அந்தக் கவலையே கிடையாது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் வரைக்கும் என் புராணம்தான். "கார்மெண்ட்ஸ்ல வருசக்கணக்கா மெசின் ஓட்டுன புள்ள. அதுக்குத் தெரியாத தையலா..."

உண்மை என்னவென்றால், அத்தனை வருசமும் நான் தைத்தது சட்டைக்குக் கை மட்டும்தான். காலருக்கு ஒருத்தி, பாக்கெட்டுக்கு ஒருத்தி, கைக்கு நான். மெசினில் எதையும் கழற்றி மாட்ட எங்களுக்கு அனுமதி இல்லை. ஊசி முறிந்தால் கையைத் தூக்க வேண்டும், மெக்கானிக் வந்து பார்ப்பார். அப்பாவிடம் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "கை தைக்கிறவளுக்கு உடம்பு தைக்கத் தெரியாதா" என்று சிரிப்பார்.

அவர் பேச்சை நம்பித்தான் மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள் அந்த வெல்வெட்டைக் கொண்டுவந்து தந்தார்கள். மூலஸ்தானத்துக்குத் திரைச்சீலை. மேலே வெல்வெட், அடியில் சாட்டின் லைனிங். அப்பா வாங்கி என் கையில் வைத்த விதத்தைப் பார்த்த பிறகு, முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தைத்தேன். அடித்துணி மட்டும் ஓடியது, வெல்வெட் பின்தங்கியது. ஓரம் முடியும்போது வெல்வெட் ஒரு சாண் நீண்டு நின்றது. பிரித்துத் தைத்தேன், மறுபடியும் அதே ஒரு சாண். கார்மெண்ட்ஸ் தோழி சாந்திக்கு போன் போட்டு அழுதேன். "துணிய அமுக்குற ஃபுட்டக் கழட்டிட்டு வாக்கிங் ஃபுட் ஒன்னு வாங்கி மாட்டுடி. அது மேல் துணியையும் சேத்து இழுக்கும்" என்றாள்.

ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். மெசின் சாமான் கடைக்கார முஸ்லிம் நானா ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். "மாட்டத் தெரியுமா தங்கச்சி?" என்று கேட்டார். கடையில் எங்கள் தோட்டத்து ஆட்கள் ரெண்டு பேர் நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே, "அது கார்மெண்ட்ஸ் புள்ள நானா" என்றார்கள்.

அன்றைக்குச் சாயந்தரம் கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்த பெண்கள் எல்லோரும் எங்கள் வாசலில். கூட்டி வந்ததே அப்பாதான். "புது சாமான் ஒன்னு வாங்கியாந்திருக்கு, வந்து பாருங்க" என்றாராம்.

மாட்டினேன்... எனக்குத் தெரிந்த மாதிரி. பக்கத்தில் ஒரு கவை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அது எதற்கென்று புரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். மெசின் கடகடவென்று சத்தம் போட்டது. துணி அசையவில்லை. திடீரென்று டக்கென்று ஊசி இடித்து முறிந்தது.

நான் கையைத் தூக்கினேன்.

யோசித்துச் செய்ததில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எதிர்க் காம்பரா ராஜேஸ் அக்காதான் கேட்டார். "யார புள்ள கூப்புடுற?"

"மெக்கானிக்க..."

சொன்ன பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்பதே உறைத்தது. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு வாசலே சிரித்தது. கையைக் கீழே இறக்கவும் வெட்கமாக இருந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "மாட்டத் தெரியாதா பாப்பா?" என்றார்.

"தெரியாதுப்பா."

தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் போய்விட்டார். அவர் முதுகைப் பார்க்க முடியாமல் வெல்வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவில் நின்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பேசிய பாஷை என்னவென்று தெரியவில்லை, ஆனால் கை செய்தது புரிந்தது. அந்தக் கவை, ஊசியை இறுக்கும் ஸ்க்ரூ மேல் உட்கார வேண்டுமாம். அவ்வளவுதான் விஷயம். வீட்டுக்கு வந்து மாட்டினேன், ரெண்டு துணியும் ஒன்றாக நடந்தன. திருவிழாவில் திரை ஒரு சுருக்கம் இல்லாமல் தொங்கியது. அம்மாவும் கூடைப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் பெரட்டுக்களத்தில் அப்பாவைக் கண்டால் ரெண்டு மூன்று பேர் கையைத் தூக்கிக் காட்டுவார்களாம். ரொம்ப நாள் கழித்து அம்மாதான் சொன்னார். அப்பா வீட்டில் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

இப்போது டவுனில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், ஸ்கூல் யூனிஃபார்ம், திரை, எல்லாம் தைக்கிறேன். எந்த ஃபுட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவேன். அப்பா பென்சன் எடுத்துவிட்டார், பகலெல்லாம் கடை வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். போன வாரம் அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு அக்கா கல்யாண ஜாக்கெட் தைக்க வந்தார். வாசலில் நின்று, "மக நல்லா தைக்குமாங்க?" என்று அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

மெசினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"உள்ளதான் இருக்குது. நீங்களே கேட்டுக்கங்க" என்றார் அப்பா.