விலைவாசிக் காசு

ஊரில் அக்காவைப் பராமரித்த பெண்ணின் சம்பளத்தைக் குறைத்தது நான்தான். தம்பியும் சம்மதித்தான் என்பது உண்மை. ஆனால் அவனைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையை எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

அக்கா கல்யாணம் செய்யவில்லை. எங்களை ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டு யாழ்ப்பாணத்து வீட்டிலேயே இருந்துவிட்டார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போனபிறகு, வீட்டோடு தங்கிப் பார்க்க ஒரு பெண்ணைப் பிடித்தோம். வன்னிப் பக்கத்துப் பெண். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள் அவளுடைய தாயோடு. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவளை நாங்கள் 'பிள்ளை' என்றே கூப்பிட்டோம். அவள் என்னை அக்கா என்றாள், என் அக்காவைப் பெரியக்கா என்றாள். ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் நானும் தம்பியும் மொன்றியலில் என் வீட்டில் இருந்து வீடியோவில் கதைப்போம். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அவள் கரண்டியால் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே எங்களுக்கு மறுமொழி சொல்லுவாள்.

பிறகு நாட்டில் எல்லாம் சரிந்தது. பால்மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, நேற்று இருந்த விலை இன்று இல்லை. நாங்கள் அவளுக்கு மாதாமாதம் மேலதிகமாக ஒரு தொகை கொடுத்தோம். கிட்டத்தட்ட சம்பளத்தில் பாதி. அதற்கு 'விலைவாசிக் காசு' என்று பெயர் வைத்ததும் என் மூளைதான். சம்பளம் சம்பளமாக இருக்கட்டும், இது தனியாக இருக்கட்டும், விலை இறங்கினால் நிறுத்திவிடலாம் என்று தம்பிக்கு விளக்கினேன். ஊரில் ஆள் வைத்திருந்த எங்கள் பங்குச் சனம் எல்லோரும் அப்போது இப்படித்தான் செய்தார்கள். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் றோல்ஸும் தேத்தண்ணியுமாக நின்று, யார் எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறோம் என்று பெருமை பேசினோம். ரூபாய் விழுந்து கிடந்ததால் அதே டொலருக்கு அங்கே இரட்டிப்பாகக் கிடைத்தது, எங்கள் கையிலிருந்து ஒரு சதமும் கூடுதலாகப் போகவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இனி என் வேலைத்தலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். துறைமுகத்துக்குக் கிட்ட, கொன்ரெய்னரில் வரும் உறைந்த மீனைப் பிரித்து அடுக்கும் குளிர்க் களஞ்சியம். நான் அங்கே யூனியன் பிரதிநிதி. வாய் கொஞ்சம் நீளம் என்பதால் தெரிவு செய்தார்கள். மொன்றியலிலும் விலை எகிறிய காலம் அது. கொம்பனி சம்பளத்தைக் கூட்டாமல், ஒரே தடவையாக ஒரு காசைக் கையில் வைத்து வாயை அடைத்தது. அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு உட்கார்ந்தபோது விலையேற்றம் தணிந்திருந்தது. நிர்வாகத்து ஆள் தாளைத் தட்டிக்காட்டி, பணவீக்கம் குறைந்துவிட்டது, அதனால் சிறிய உயர்வே போதும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பி நின்று என் உடைந்த பிரெஞ்சில் கத்தினேன். விலை இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது, ஏறினது ஏறின இடத்திலேயே நிற்கிறது, எங்கள் சம்பளம் இன்னும் கீழே நிற்கிறது என்றேன். எங்களோடு வேலை செய்யும் ஹெயிட்டிக்காரி ஒருத்தி ஆமோதித்து மேசையில் தட்டினாள். அந்தக் கிழமை முழுக்க நான் நிலத்தில் நடக்கவில்லை.

அதே வசந்தத்தில்தான் இது நடந்தது. ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்தில் ஒருவர் போனில் செய்தி கேட்டுவிட்டு, இலங்கையில் பணவீக்கம் அடியோடு விழுந்துவிட்டதாம், நாடு நிமிர்ந்துவிட்டது என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். ரூபாயும் கொஞ்சம் தலை தூக்கியிருந்ததால் அதே ரூபாயைக் கொடுக்க எங்களுக்குக் கூடுதல் டொலர் தேவைப்பட்டது. என் வீட்டு வாடகையும் ஏறியிருந்தது. என் வீடு இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸுக்குத் திரும்பும் வழியில் காரிலேயே தம்பியிடம், இனி விலைவாசிக் காசு தேவையில்லை என்றேன். அவன் கொஞ்சம் இழுத்தான். "பாவம் அந்தப் பிள்ளை, இன்னும் ஒரு வருசம் விடுவம் அக்கா" என்றான். அவனுக்கு உலகம் தெரியாது என்று பேசி அடக்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஊருக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம்.

"பிள்ளை, அங்கை இப்ப விலை எல்லாம் இறங்கிட்டுதாமே. நியூஸில சொல்லுறாங்கள்."

"இறங்கேல்லை அக்கா. ஏறாமல் நிக்குது. ஏறின இடத்தில அப்பிடியே நிக்குது."

இந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. தெரியாதது போல இருந்தேன். அது வேறு, அங்கே முதலாளி, இங்கே நாங்கள் குடும்பம் என்று மனதுக்குள் ஒரு பதிலும் தயாராக இருந்தது.

"சரி, எண்டாலும் முந்தின மாதிரி இல்லைத்தானே. வாற மாசத்தில இருந்து அந்த விலைவாசிக் காசை நிப்பாட்டுவம். சம்பளம் அப்பிடியே வரும்."

அவள் கரண்டியைக் கோப்பையில் வைத்தாள். "அக்கா, எனக்கு அதுவும் சம்பளம்தான். நீங்கள்தான் அதுக்கு வேற பேர் வைச்சனீங்கள். பழைய சம்பளத்துக்கு இப்ப பாதிச் சாமான்தான் வரும். கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கோ."

"பாப்பம்" என்றேன். எங்கள் வாயில் பாப்பம் என்றால் இல்லை என்றுதான் பொருள். அது அவளுக்கும் தெரியும். தம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் முணுமுணுக்காமல் வேலை செய்தாள். மூன்றாம் மாதம், ஏஜென்சிக்குப் பாஸ்போட் கொடுத்துவிட்டேன், குவைத்துக்குப் போகிறேன் என்றாள். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"நாங்கள் உன்னை வீட்டுப் பிள்ளை மாதிரித்தானே வைச்சிருந்தனாங்கள்?"

"ஓம் அக்கா. வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளம் கேக்க வாய் வராதுதானே. அதுதான் போறன்."

விலைவாசிக் காசைத் திரும்பத் தருகிறோம், அதற்கு மேலும் தருகிறோம் என்று தம்பி குறுக்கே விழுந்து சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். மெடிக்கலும் முடிந்து பிளேன் ரிக்கற்றும் போட்டாயிற்றாம். அதே மாதம் களஞ்சியத்தில் நாங்கள் கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. எனக்குக் கேக் வெட்டினார்கள். தின்றேன்.

புது ஆள் தேடியபோதுதான் ஊரின் கணக்கு விளங்கியது. பழைய சம்பளத்தைச் சொன்னதும் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், "இப்ப அந்தக் காசுக்கு ஆர் வருவினம்?" என்று சிரித்தார். வேலையில் இருந்தவளின் சம்பளத்தைத்தான் எங்களால் கீழே பிடித்து வைத்திருக்க முடிந்தது. புதிதாக வருபவர்கள் ஏறின விலைக்கேற்பத்தான் கேட்டார்கள். அவளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததைவிடக் கூடவே கொடுக்கவேண்டி வந்தது. மாறி மாறி இரண்டு பெண்கள் வந்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அக்காவை அவர்களுக்குத் தெரியாது. ஊட்டுவதற்கு வசதியாகக் கதவுப் பக்கம் முகம் இருக்கும்படி இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தார்கள். ஒரு ஞாயிறு வீடியோவில் அக்கா முனகுவது கேட்டது.

"உங்கடை அக்கா நெடுக அனுங்கிக்கொண்டுதான் இருக்கிறா" என்றாள் அந்தப் பெண்.

"பழைய ஆளைத் தேடுறா போல. கொஞ்ச நாளில பழகீடுவா" என்றேன்.

ஒன்றரை மாதத்தில் படுக்கைப் புண் வந்தது. பிறகு காய்ச்சல், பிறகு ஆஸ்பத்திரி. நான் போய் இறங்கியபோது அக்காவின் சவப்பெட்டி வீட்டுக்கு வந்திருந்தது. உடம்பு கழுவிய பெண்களில் ஒருத்தி என்னைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய், புண் எலும்புவரை போயிருந்தது, மற்றவர்களிடம் சொல்லவேண்டாம் என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

மொன்றியலுக்குத் திரும்பி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவள்தான், குவைத்திலிருந்து. குரலைத் தணித்துக்கொண்டு அவசரமாகக் கதைத்தாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. வந்த உடனை இஞ்சை வீட்டுக்காரர் போனை வாங்கி வைச்சிட்டினம், இப்பதான் தந்தவை. வெளிக்கிட்ட அவசரத்தில ஒண்டு சொல்ல மறந்து போனன். பெரியக்காவை இடப்பக்கம் சரிச்சுப் படுக்க விடவேண்டாமெண்டு வந்திருக்கிற ஆளுக்குச் சொல்லுங்கோ. அந்தத் தோளில பாரம் பட்டால் அவவுக்கு உயிர் போற மாதிரி நோகும். வாயால சொல்ல ஏலாதுதானே, அனுங்குவா. அனுங்கினால் உடனை திருப்பிவிடச் சொல்லுங்கோ, அக்கா. சொல்லுவீங்களோ?"

சுற்றிவர ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"ஓம் பிள்ளை, சொல்லுறன்" என்றேன். அக்காவைப் புதைத்து அன்றோடு மூன்று கிழமை.