கவனம்: இடப்பக்க ஸ்டியரிங்

இருபத்தாறு வருடங்களாக நான் காரில் இடப்பக்கத்துச் சீற்றில்தான் இருக்கிறேன். ஸ்டியரிங் பிடித்து ஓடுகிறவர் வலப்பக்கத்தில். அது வங்கிக்காரராக இருக்கலாம், கன்னியாஸ்திரியாக இருக்கலாம், மீன்வாடி முதலாளியாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் என் பக்கத்திலிருந்து ஒரே பாட்டுத்தான்: "கண்ணாடியைப் பாருங்கோ, சிக்னலைப் போடுங்கோ, கிளச்சை மெல்ல விடுங்கோ." என் காலடியில் தனியாக ஒரு பிரேக் பூட்டியிருக்கும். வலது கால் எந்நேரமும் அதன் மேல்தான். மன்னார் பட்டினத்தில் கார் பழக்குவது லேசான வேலை என்று யாராவது சொன்னால் ஒரு நாள் வந்து பாருங்கள். சந்தைக்கு முன்னால் நடுவீதியில் கழுதை நிற்கும். ஹோன் அடித்தால் காதைக்கூட ஆட்டாது. பழக வந்தவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் கையைப் பிடிப்பார். கழுதைக்கும் கீறல் இல்லாமல், காருக்கும் கீறல் இல்லாமல் அவரைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது நான்தான்.

இவ்வளவுக்கும் ஊரில் எனக்குக் கிடைத்த பட்டம், "ரீச்சருக்குப் பிரேக் அடிக்க மட்டும்தான் தெரியும்." தேநீர்க்கடையில் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் பழகி லைசன்ஸ் எடுத்தவர்கள். நன்றி கெட்ட சனம்.

என் மனுசன் கராஜ் வைத்திருக்கிறார். சிலாபத்துப் பக்கம் ஒரு தென்னந்தோட்டக் கொட்டிலில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய அமெரிக்கக் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டே கதவு, நீட்டு மூக்கு, எட்டுச் சிலிண்டர். இந்தச் சாதிக்கு 'மசில் கார்' என்று பெயராம். வந்த அன்று அதற்குள் மசிலும் இல்லை, சீற்றும் இல்லை, கோழிச் செட்டைதான் இருந்தது. ஆறு வருடம் அந்த மனிதர் அதோடு மல்லுக்கட்டினார். ஒவ்வொரு ஆணியும் பிறந்தபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டுமாம். டாஷ்போட்டில் ஒரு வெடிப்புக்கூட இல்லை என்று வருகிறவர் போகிறவர் எல்லோரையும் தடவிப் பார்க்க வைப்பார். அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கத்தில். நம் நாட்டில் அப்படி ஓடுவதென்றால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியவேண்டுமே என்று, "கவனம்: இடப்பக்க ஸ்டியரிங்" என்று மூன்று மொழியிலும் பின்பக்கத்தில் தானே எழுதினார்.

போன வருடம், வயல் அறுத்து முடிந்து சோளகம் வீசிக்கொண்டிருந்த நேரம். உயிலங்குளத்துக்கு அப்பால் கிரவல் மண் போட்டு இறுக்கிய வெளி ஒன்றில் 'ஓட்டோகுரொஸ்' நடத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. வெளியில் செம்மஞ்சள் கோன்களை அடுக்கி வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். ஆளுக்கு இரண்டு ஓட்டம், அதில் நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு. ஒரு கோனை விழுத்தினால் நேரத்தில் இரண்டு செக்கன் கூடும். என் மனுசன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். வேறு ஆட்கள் சின்னச் சின்ன ஜப்பான் காரோடு நிற்க, நம்முடையது மட்டும் நடுவில் போய் உறுமப்போகிறது என்று அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சனிக்கிழமை பழகிப் பார்க்க விட்டார்கள். நாலு தரம் ஓடினார். முதல் தரம் ஏழு கோன் விழுந்தது, நாலாம் தரம் ஒன்பது. எல்லாமே காரின் வலப்பக்கத்தில். இடப்பக்கத்தில் இருந்துகொண்டு வலப்பக்கம் எங்கே முடிகிறது என்று அவருக்குப் பிடிபடவேயில்லை. ஆயுள் முழுக்க வலப்பக்கத்திலிருந்து ஓடியவர், என்ன செய்வார்? சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கோன் விழ விழக் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தவர் ஒரு சோக்கட்டியை எடுத்தார். டாஷ்போட்டின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு கீறினார்.

"என்ன செய்யுறீங்கள்?"

"திங்கக்கிழமை உம்மட அண்ணன் கட்டரோட வாறார். இந்தக் கோட்டால வெட்டி, ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாத்தப்போறம்."

என் அண்ணன் வெல்டிங் வேலைக்காரர். எதைக் கண்டாலும் வெட்டலாம் ஒட்டலாம் என்பார். ஆனால் அந்த டாஷ்போட்டை வெட்டப்போகிறேன் என்று நிற்கிறவர் யார்? ஆறு வருடமாக ஒரு ஆணியை மாற்ற மனம் வராதவர் அவர். அதை வெட்டினால் பிறகு அந்தக் காரின் பக்கமே போகமாட்டார். எனக்குத் தெரியும்.

"நாளைக்கு ஓட்டம் இருக்கே?"

"போகமாட்டன். இண்டைக்குச் சனம் சிரிச்சது காணும்."

"அப்ப நான் ஓடுறன்."

"நீரோ?" என்று சிரித்தார். "இஞ்சாரும், சொல்லிக் குடுக்கிறது வேற, ஓடுறது வேற."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தேநீர்க்கடைக்காரன் சொன்னால் போகட்டும், கட்டிய மனுசனும் அதையே சொல்வதா? கார்த் திறப்பைப் பறித்துக்கொண்டு போய் ஏறினேன். ஏறி இருந்ததும்தான் விளங்கியது. அட, இது என் இடமல்லவா! இருபத்தாறு வருடம் நான் வீதியைப் பார்த்தது இந்தப் பக்கத்திலிருந்துதான். பழகுகிறவர் தடுமாறும்போது நான் எட்டிப் பிடிக்கும் கியர் எப்படி வலது கைக்கு வருமோ, அப்படியே இதிலும் வந்தது. வலப்பக்கத்து டயர் எங்கே போகிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். அதைத்தானே தினமும் பார்த்துப் பார்த்துக் கத்துகிறேன்!

"ஒரு கோனும் விழாமல், கெட்டிக்காரத்தனமா ஓடிக் காட்டினால் வெட்டமாட்டியளே?" என்று கேட்டேன்.

"ஓம், வெட்டமாட்டன். ஆனா மாட்டு வண்டி மாதிரிப் போனால் கணக்கில்லை."

ஞாயிறு பூசை முடிந்து நேரே வெளிக்குப் போனோம். ஆளைப் பதிந்த இடத்தில் என் பெயரைக் கண்டதும் ஒரே சலசலப்பு. மைக் பிடித்து அறிவித்துக்கொண்டிருந்தவன் என்னிடம் பழகியவன்தான், மூன்று தரம் சோதனையில் தவறி நாலாம் தரம் தேறியவன். "எங்கட ரீச்சர் வாறா!" என்று வெளியெல்லாம் கேட்கக் கத்தினான். இரவல் ஹெல்மட்டுக்குள் என் கொண்டை போகவில்லை. அவிழ்த்துப் பின்னிவிட்டேன்.

முதல் ஓட்டம். ஒரு கோன் விழவில்லை. அசையக்கூட இல்லை. ஆனால் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏனென்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு கோனிலும் திரும்ப முன்னம் நான் சிக்னல் போட்டிருக்கிறேன்! இடம், வலம், இடம், வலம் என்று மூலை வெளிச்சம் மின்னி மின்னிப் போனதாம். "ரீச்சர் சிக்னல் போடுறா, எல்லாரும் வழி விடுங்கோ!" என்று அந்தத் தறுதலை மைக்கில் அறிவித்ததாம். நேரம் ஒரு நிமிடம் முப்பத்தொரு செக்கன். கடைசிக்கு முந்தின இடம்.

ஓட்டம் பார்க்க வந்திருந்த அண்ணன், கட்டருக்கு வயர் போதுமா என்று மனுசனிடம் கேட்டுக்கொண்டு நின்றார். மனுசனோ டாஷ்போட்டில் கீறிய சோக்கட்டிக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னில் எனக்கே ஆத்திரம். இரண்டாம் ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். சீற் வெறுமையாக இருந்தது. அங்கே கிளச்சோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை யாரும் இல்லை. கன்னியாஸ்திரி இல்லை, மீன்வாடி முதலாளி இல்லை. ஆனால் ஒவ்வொரு கோனிலும் நான் யாருக்காகவோ பிரேக் அடித்துக்கொண்டு போயிருக்கிறேன். இருபத்தாறு வருடமாக அந்தச் சீற்றில் ஒரு உயிர் இருந்தது. அதைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. இன்றைக்கு அதில் ஒருவரும் இல்லை. "என்ர தாயே, இப்ப நான்தான் ஓடுறன்" என்று வாய்விட்டே சொன்னேன்.

கொடி இறங்கியது. மிதித்தேன். அந்த எட்டுச் சிலிண்டரும் ஒன்றாகக் கத்தியதில் என் முதுகு சீற்றோடு ஒட்டிப்போனது. முதல் கோனில் காரின் பின்பக்கம் வழுகி வெளியே போனது. மழைக்காலத்தில் பழகுகிறவர்கள் செய்யும் கூத்துத்தான். எத்தனை தரம் எட்டிப் பிடித்துத் திருப்பியிருக்கிறேன். கை தானாக எதிர்ப்பக்கம் திருப்பியது, கார் நேரானது. பிறகு வரிசையாக ஆறு கோன். ஆறு கழுதை, அவ்வளவுதான்! வலப்பக்கத்துக் கதவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் இடைவெளியில் போனது. கண்ணாடி முழுக்கப் புழுதி. நான் என்ன பாசையில் கத்தினேன் என்று பூசை வைத்த பாதருக்கு முன்னால் சொல்ல முடியாது. கடைசி வளைவில் மூன்றாம் கியரை விடாமலே திருப்பி, முடிவுக் கோன்கள் நாலுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

இறங்கித் திரும்பிப் பார்த்தேன். புழுதி அடங்க அடங்கக் கோன்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன.

மைக் கரகரத்தது. பிறகு, "ஒரு நிமிசம் நாலு செக்கன். ஒரு கோனும் விழேல்லை" என்றது. அதற்குப் பிறகு எழும்பிய சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமை தலைக்கு ஏறித்தான் விட்டது. ஏன் ஏறக்கூடாது? மொத்தத்தில் நான் நாலாம் இடம். எனக்கு முன்னால் வந்த மூன்று பேரில் இரண்டு பேர் என்னிடம் பழகியவர்கள். அதையும் நான்தான் வென்றேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மனுசன் ஓடி வந்தார். என்னிடம் வரவில்லை, காரின் கதவைத் திறந்தார். சேட்டு நுனியால் அந்த வெள்ளைக் கோட்டைத் துடைத்தார். எச்சில் தொட்டு இன்னொரு தரம் துடைத்தார். பிறகு நிமிர்ந்து என் அண்ணனைப் பார்த்து, "மச்சான், உமக்குத் திங்கக்கிழமை வேற வேலை இருந்தால் பாரும்" என்றார்.

வீட்டுக்கு நான்தான் ஓடினேன். பாலத்தில் எதிரே பஸ் வர, வலப்பக்கத்தில் இருந்த மனுசன், இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை காலை, நான் பழக்கும் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அந்தப் பெரிய கார் நின்றது. அதன் நீட்டு மூக்கில், பழகுகிறவர்களின் காருக்குக் கட்டும் சிவப்பு 'எல்' பலகை கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்தில் என் மனுசன், தோய்த்த சேட்டும் சப்பாத்துமாக, தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றார்.

"ரீச்சர்" என்றார். கல்யாணம் கட்டி இருபத்துநாலு வருடத்தில் ஒருநாளும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "எனக்கும் பழக்குவியளே?"

சிரிப்பு வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"ஆறரைக்கும் ஏழரைக்கும் ஆக்கள் இருக்கு. எட்டரைக்குப் பாப்பம். இருங்கோ" என்றேன்.

அவர் நேரே போய், பழக வருகிறவர்கள் காத்திருக்கும் வாங்கில் குந்தினார்.