ஒரு பிடி உப்பு

புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே, சாயங்காலமானால் மலையின் நிழல் வந்து படுத்துக்கொள்ளும் இடத்தில் எங்கள் கத்தரித் தோட்டம் இருந்தது. அந்த வருடம் அதன் நடுவில் புதிதாக ஒரு வரப்பு எழுந்தது. இந்தப் பக்கம் என் அப்பா, நைனா; அந்தப் பக்கம் அவர் தங்கை, என் அத்தை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த அத்தை, உரக்கடைப் பக்கமே போகாமல் காய் எடுத்துக் காட்டுகிறேன் என்று பாதி நிலத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். காய்க்காவிட்டால் சித்தூருக்குப் போய் மாம்பழக்கூழ் ஆலையில் வேலைக்குச் சேர்வது என்று பேச்சு.

அத்தையின் நீல டிரம்மில் சாணியும் கோமியமும் வெல்லமும் கடலை மாவும் ஊறின. அப்படியே ஊற்றினால் செடி கருகிவிடும் என்று, தண்ணீர் கலந்துதான் ஊற்றுவாள். அவள் கோலால் கலக்கும்போது எழும் புளித்த இனிப்பு வாசனையில் எனக்குக் கண் சொருகும். தூக்கத்திலும் அந்தக் கோல் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும்.

நைனாவின் செடிகள் கருகருவென்று இடுப்புயரம் நின்றன. அத்தையுடையவை முழங்காலைத் தாண்டவில்லை. யூரியாவை நைனா உப்பு என்றுதான் சொல்வார்.

"சாணித் தண்ணிய ஊத்திக்கினே இருந்தா எப்ப காய்க்கிறது? ஒரு பிடி உப்பு போட்டா பத்து நாள்ல எழுந்துக்கும்."

அத்தை டிரம்மைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்திருக்க, நைனாவின் மூட்டையிலிருந்து யூரியாவைப் பாவாடை மடியில் அள்ளிக்கொண்டு வரப்பைத் தாண்டினேன். வெயிலில் அது ஜவ்வரிசி போல மின்னியது. மடி காலியாகக் காலியாகப் போய் அள்ளி வந்து, செடிக்கு ஒரு பிடியாகச் சாமிக்குப் படைப்பதுபோல வைத்தேன். சாயங்காலம் அத்தை வழக்கம்போலத் தண்ணீர் பாய்ச்சினாள்.

மூன்றாம் நாள் இலைகளின் ஓரம் கருகியது. ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் செத்துப்போயின.

துவைக்கும் கல்லில் என் பாவாடையை உதறிய அத்தை, மடிப்பில் ஒட்டியிருந்த வெள்ளை மணி ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் இரண்டு கைகளையும் இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள்.

அன்று நைனா கேட்டபோது சொன்னாள்: "டிரம்முல இருந்தத அப்படியே ஊத்திட்டேண்ணா. தண்ணி கலக்க மறந்துட்டேன்."

அடுத்த வாரம் சித்தூர் பஸ்ஸில் ஏறினாள். தண்ணீர் கலக்கக்கூடவா ஒருத்தி மறப்பாள், நான் அத்தனை செய்தும் இப்படிக் கெடுத்துவிட்டாளே என்று அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி அவள் ஆட்டிக்கொண்டே போனாள். நான் திருப்பி ஆட்டவில்லை.